வான்வழித் தாய்மாமன்

டி. கல்லுப்பட்டி சாலையிலிருந்து ‘ஏரோ கார்டன்’ மனைப்பிரிவுக்குத் திரும்புகிற முக்கில் பிளக்ஸ் நின்றது. அதில் ஆகப் பெரியதாக இருந்தது விமானம். அதற்கு அடுத்த அளவில், குழந்தையின் தகப்பனார் அழகுபாண்டி, கைக்கடிகாரம் தெரியும்படி கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து, விமானப் படிக்கட்டில் இறங்குவதுபோல வெட்டி ஒட்டப்பட்ட சூரியபிரகாஷ், கறுப்புக் கண்ணாடியோடு. காது குத்திக்கொள்ளப் போகிற பவதாரிணி, மூன்று வயசு, இறக்கைக்குக் கீழே ஒரு ரோஜாப்பூவுக்குள் அடைந்து கிடந்தாள். ‘சென்னையிலிருந்து வான்வழி வருகை தரும் பாசமிகு தாய்மாமன் அவர்களே, வருக வருக’ என்று எழுத்து. அதற்கும் கீழே சொந்தபந்தங்கள் தபால்தலை அளவில் வரிசைகட்டி நின்றார்கள்.

விருமாண்டி காரை ஓரங்கட்டிவிட்டுத் தலையை வெளியே நீட்டித் தேடினான். பின்னால் சீர்வரிசை ஏற்றி வந்த குட்டியானை வண்டியும் நின்றது. அதிலிருந்த கிடா கத்தியது.

“ஒங்களக் காணோமே?” என்றாள் அவன் மனைவி தாமரைச்செல்வி.

“அந்தா இருக்கேன்ல, கடைசி வரிசையில.”

“எங்க?”

“டயருக்குக் கீழ.”

தாமரைச்செல்வி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நல்லவேள, பிளைட்டு இன்னும் எறங்கல,” என்றாள்.

பவதாரிணிக்குத் தாய்மாமன் இரண்டு பேர். மூத்தவன் விருமாண்டி, இளையவன் சூரியபிரகாஷ், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இருவருக்கும் தங்கை முனீஸ்வரி. காதுகுத்தில் பிள்ளையை மடியில் உட்காரவைக்கிற உரிமை மூத்த தாய்மாமனுக்கு. சீரைப் பங்குவைக்கலாம், செலவைப் பங்குவைக்கலாம், மடியைப் பங்குவைக்க முடியாது. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு முனீஸ்வரியைக் கட்டிக்கொடுத்தது, வளைகாப்பு போட்டது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தது எல்லாம் விருமாண்டிதான். செய்ததை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை என்று சொல்ல முடியாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டியிருக்கிறான். ஆனாலும் செய்தது செய்ததுதான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் முனீஸ்வரி போன் பண்ணினாள். “அண்ணே, புள்ளய ஒன் மடியிலதான்ணே வைக்கணும். ஒனக்குத் தலையில கட்ட உருமால் என்ன கலர்ல எடுக்க?” பச்சை என்றான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஊரான செக்கானூரணியின் கடைவீதியில் எதிர்ப்பட்ட ஏழெட்டுப் பேருக்கு அந்தப் பச்சை தெரிந்துவிட்டது. பத்து நாள் கழித்து இன்னொரு போன்.

“அண்ணே, சின்னண்ணன் வருதாம்.”

“வரட்டும். அவனும் மாமன்தான.”

“பிளைட்டுல வருதாம்.”

“பிளைட்டுல வரட்டும், ராக்கெட்டுல வரட்டும். அதுக்கென்னத்தா?”

“அதுக்கில்லண்ணே. இதுக்குன்னே பிளைட்டு ஏறி வாரவன சும்மா சேர்ல ஒக்கார வச்சு அனுப்புனா நல்லாவா இருக்கும்னு அவுக சொல்றாக. மத்தியானமே திரும்பிப் போகணுமாம். நீ இங்கனக்குள்ளதான இருக்க. அடுத்த புள்ள பெறந்தா ஒன் மடிதான்ணே.”

“பெறக்கட்டும்,” என்று சொல்லி போனை வைத்தான் விருமாண்டி.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாமரைச்செல்வி வெளியே வந்தாள். “சொந்தத்துக்குள்ள மருவாதி வேணும்னா நானூறு கிலோமீட்டராச்சும் தள்ளி இருக்கணும். கிட்ட இருந்தா கிடா புடிச்சுக் குடுக்கத்தான் லாயக்கு,” என்றாள்.

தூரத்தைப் பற்றி விருமாண்டிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவன் தொழிலே அதுதான். அவன் மனை புரோக்கர். மேலூர்ப் பக்கம் கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் போட்ட மனைகளை ‘நீர்நிலை அருகே’ என்று விற்றவன். அழகர்கோவில் போகிற வழியில் ஒரு மனைப்பிரிவுக்கு ‘கோபுர தரிசனம்’ என்று பேர் வைத்தான். கோபுரம் தெரிய வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, கொஞ்சம் எக்கிப் பார்க்க வேண்டும். நோட்டீஸில் கிலோமீட்டர் என்று அச்சடிக்கிறவன் ஒருநாள் மாட்டிக்கொள்வான், நிமிடம் என்று அச்சடிக்கிறவன் மாட்டமாட்டான் என்பது அவன் கண்டுபிடித்த ரகசியம். எந்த வண்டியில், என்ன வேகத்தில், என்றைக்கு என்று எந்த மகராசனும் கேட்டதில்லை.

ஏரோ கார்டனும் அவன் விற்றதுதான். ‘விமான நிலையத்திலிருந்து 15 நிமிடம்’. இடம் பார்க்க வருகிறவர்களைக் காலை விமானம் அந்தப் பக்கமாக வளைந்து திரும்புகிற நேரத்துக்குக் கூட்டி வருவான். தங்கச்சி புருசன் அழகுபாண்டியையும் அப்படித்தான் கூட்டிவந்து நிறுத்தினான்.

“அண்ணாந்து பாருங்க மாப்ள. சக்கரம் தெரியுதா?”

“தெரியுது மச்சான்.”

“சக்கரத்த எறக்கிட்டான்னா ஏர்போர்ட்டு எங்கிட்டு இருக்கும்?”

“இந்தா, பக்கத்துலதான்!” என்று அழகுபாண்டி தனக்குத் தானே பதில் சொல்லி, தானே மகிழ்ந்து, மூன்று மனை வாங்கினார். கல்லுப்பட்டியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறவர் என்பதால் வீடும் சீக்கிரம் எழும்பியது. வாசல் வளைவின்மேல் சிமெண்டிலேயே ஒரு விமானம் வைக்கச் சொன்னார். கொத்தனார் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை; அது ஒரு கெண்டை மீன்போல வந்துவிட்டது. அவர் குடும்பத்தில் யாரும் பிளைட் ஏறியதுமில்லை, யாரையும் ஏற்றிவிடப் போனதுமில்லை. ஆகவே பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகவே பத்திரமாக இருந்தது.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அழகுபாண்டி பத்திரிகையோடு செக்கானூரணிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே வானத்தில்தான்.

“மச்சான், சென்னைக்கும் மதுரைக்கும் பிளைட்டுல எம்புட்டு நேரம் தெரியுமா? ஒரு மணி அஞ்சு நிமிசம்! பஸ்ஸுல போனா ராவெல்லாம் குலுக்கி எடுத்துருவான். சின்ன மச்சான் ஏழு மணிக்கு ஏறுறாப்ல, எட்டு மணிக்கு எறங்குறாப்ல. ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள முகூர்த்தம். அங்கிட்டுருந்து நம்ம வீட்டுக்குப் பதினஞ்சு நிமிசம். மால போட்டு, ஆலாத்தி சுத்தி, கொட்டடிச்சுக் கூட்டியாந்தாலும் எட்டரைக்கு மடியில புள்ள இருக்கும். இதுக்காகத்தான் குலதெய்வம் கோயில்ல வேணாம், வீட்டுலயே வச்சுக்கிருவோம்னு சொன்னேன். கோயிலு ஏர்போர்ட்டுக்குத் தூரம் பாருங்க.”

“ஆமா, தூரம்தான்,” என்றான் விருமாண்டி.

“பதினஞ்சு நிமிசம்தான மச்சான்? நீங்கதான சொன்னீக?”

விருமாண்டி தண்ணீர்ச் செம்பை எடுத்தான். ஏர்போர்ட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, வழியில் ரயில்வே கேட் போடாமல் இருந்தாலே, ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். கேட் போட்டால் கடவுள் விட்ட வழி. உண்மையைச் சொன்னால் வேறு முகூர்த்தம் பார்ப்பார்கள். தம்பி வந்து சாவகாசமாக உட்காருவான். கூடவே மூன்று மனையும் ஊருக்கு முன்னால் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் தம்பி பாதி வழியில் இருக்கும்போது மணி ஒன்பது ஆகிவிடும். மடி, அது யாருடையதோ, அவனிடமே வந்து சேரும். செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தான்.

“ஞாயித்துக்கெழம ரோடு காலியாத்தான் கெடக்கும் மாப்ள,” என்றான். “பன்னெண்டு நிமிசங்கூட ஆகாது.”

அழகுபாண்டி போனதும் தாமரைச்செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். “அடப்பாவி மனுசா,” என்றாள். அப்புறம், “வெள்ளச் சட்டைய இஸ்திரிக்குக் குடுக்கவா?” என்றாள்.

அந்தச் சட்டையில்தான் இப்போது சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நடந்து பந்தலுக்குள் நுழைந்தான். பட்டுப்பாவாடை, கொலுசு, தோடு, பழவகை, காப்பரிசி என்று தட்டுகள் வர, கொட்டுக்காரர்கள் அடிக்க, கிடா இழுத்த இழுப்புக்கு வராமல் நின்றது. எதிர்கொண்டு அழைக்க யாருமில்லை. இருநூறு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு பெரிய திரை. திரையில், அழகுபாண்டியின் செல்போனிலிருந்து விழுந்த தமிழ்நாட்டு வரைபடம். அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

அழகுபாண்டி கையில் மைக். “அன்பார்ந்த உறவின்முறையார்களே! நமது தாய்மாமன் அவர்கள் பயணம் செய்யும் விமானம் தற்சமயம் விழுப்புரத்தைத் தாண்டிவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு… யாருப்பா அது, கொட்டு? கொஞ்சம் நிப்பாட்டுங்க, அறிவிப்பு போய்க்கிட்டு இருக்குல்ல?”

கொட்டு நின்றது. விருமாண்டி தட்டுகளை ஒரு ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு நாற்காலி தேடி உட்கார்ந்தான். முனீஸ்வரி பட்டுச்சேலை சரசரக்க ஓடி வந்தாள். “வாண்ணே, வாங்க மைனி. காப்பி குடிச்சீகளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆலாத்தித் தட்டைத் தேடப் போனாள்.

திருச்சி வந்தது. யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அது நம்ம தோட்டத்துக்கு மேல போகுமாப்பா?” என்று கேட்டார். “போகும் பெரியப்பா,” என்று அழகுபாண்டி மைக்கிலேயே வாக்குக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நிசமாகவே வானத்தில் சத்தம் கேட்டது. பந்தலுக்குள் இருந்த ஜனம் மொத்தமும் வெளியே ஓடியது. விமானம் தாழ்ந்து, வளைந்து, சக்கரத்தைக் காட்டிக்கொண்டு கிழக்கே போனது. வேட்டுப் போட்டார்கள். பவதாரிணியை ஒருவர் தோளில் தூக்கி, “அந்தா போறாக பாரு பிளைட்டு மாமா! டாட்டா சொல்லு!” என்றார். பிள்ளை டாட்டா சொன்னது.

“ஐந்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்குகிறார்கள்!” என்றார் அழகுபாண்டி, தானே ஓட்டி வந்ததுபோல மூச்சு வாங்கிக்கொண்டு. “இன்னும் பதினைந்தே நிமிடத்தில் நம் வாசலில்!”

விருமாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கற்பூரம் ஏற்றினார்கள். அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். மாலையைக் கையில் வைத்திருந்தவர் தோள் வலித்து இன்னொருவரிடம் கொடுத்தார். வானத்தில் பறக்கிற விமானம் எந்த ஊருக்கு மேலே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த அந்தச் செல்போனுக்கு, தரையில் ஒரு கார் எத்தனை நிமிடத்தில் வரும் என்றும் சொல்லத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது ஒரு பெரிய பயணமாக யாருக்கும் படவில்லை.

எட்டே முக்காலுக்கு அழகுபாண்டி, ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருந்த வாடகைக் காரோட்டிக்குப் போன் போட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

“எங்கடா இருக்கீக?”

“ரயில்வே கேட்டுல நிக்கிறோம்ணே. கூட்ஸு வருதாம்.”

“தொறந்தா எம்புட்டு நேரம்டா?”

“தொறந்துட்டா வெரசா வந்துருவேண்ணே. ஒரு முக்கா மணி நேரம்.”

இருநூறு பேரும் கேட்டார்கள். பந்தலில் யாரோ ஒருவன், “சென்னைக்கே போயிட்டு வந்துரலாம் போல,” என்றான். சிரிப்பு பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது.

அந்தச் சிரிப்பில் காது குத்த வந்த ஆசாரி எழுந்துவிட்டார். “ஒம்பதுக்கு மேல நான் தொடமாட்டேன் சாமி. பேரையூர்ல எனக்கு இன்னும் ரெண்டு காது காத்துக்கிட்டு இருக்கு.”

முன்வரிசைப் பெரியவர் துண்டை உதறினார். “மூத்த மாமன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான். அவன விட்டுப்புட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக. ஏலே விருமாண்டி, எந்திரிடா!”

விருமாண்டி இதற்கான பதிலை ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். “எனக்கு எதுக்குப் பெரியப்பா? தம்பி ஆசயா வாரான், வரட்டும்,” என்றான். சொன்ன மறு நொடியே, எங்கே சரியென்று விட்டுவிடுவார்களோ என்று பயந்து பாதி எழுந்தும் விட்டான்.

முனீஸ்வரி புருசனைப் பார்த்தாள். புருசன் ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். அழகுபாண்டி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “சரி மச்சான், நேரத்துக்கு நீங்க ஒக்காருங்க,” என்றார். வாங்க, முறை செய்யுங்க என்று சொல்லவில்லை. நேரத்துக்கு ஒக்காருங்க. பரவாயில்லை, உட்கார்ந்தால் போதும்.

உருமால் கட்டினார்கள். அது பச்சை இல்லை, கருநீலம். ரோஜா மாலையைப் போட்டார்கள். பிறகு பவதாரிணியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். புதுச் சட்டையின் கஞ்சி வாசமும் சந்தனமும் கலந்து, மொட்டைத் தலையோடு, கனமாக, சூடாக அந்தப் பிள்ளை மடிக்கு வந்தபோது விருமாண்டி அவளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பொய் சொன்னதெல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோனது. இதற்குத்தானே.

“பிளைட்டு மாமா எங்க?” என்றாள் பவதாரிணி.

“நாந்தான்டா தங்கம் மாமா.”

பிள்ளை அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தது. “நீ கிடா மாமா,” என்றது.

பிளைட்டு மாமா மடியில் உட்கார்ந்தால் காது வலிக்காது என்று இருபது நாளாக அவளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆசாரி கிட்ட வந்ததும் அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது: இது வேறு மடி. முதல் காதுக்கு அலறினாள். இரண்டாவது காதுக்கு விருமாண்டியின் கட்டைவிரலைக் கடித்தாள். ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வலித்தாலும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். படத்தில் சிரித்த மாதிரி விழ வேண்டுமே என்று. பார்த்தால், போட்டோக்காரர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

“எடுத்தீகளா தம்பி?”

“ரெண்டு எடுத்துருக்கேண்ணே. மெயின் மாமன் வரட்டும்னு சொல்லியிருக்காக.”

மெயின் மாமன் ஒன்பதே முக்காலுக்கு வந்தான். வேட்டு, கொட்டு, நாலாவது தடவையாகக் கற்பூரம். விடியக்காலை மூன்று மணிக்கு வீட்டைப் பூட்டிக் கிளம்பிய கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சென்னையில் பஸ் ஏறியவர்கள், விடியும்முன் வந்து குளித்து, இரண்டாவது காப்பி குடித்து, பந்தலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் கற்பூரம் காட்டவில்லை.

“அண்ணே, நல்லாருக்கியா?” என்று சூரியபிரகாஷ் விருமாண்டியின் தோளைத் தொட்டான். “ஆகாசத்துல ஒண்ணுமே தெரியலண்ணே. ஏறுனோம், எறங்குனோம், ஒரு மணி அஞ்சு நிமிசம். இங்க ரோட்டுலதான் முதுகு போச்சு. அம்புட்டுப் பள்ளம்.” அவன் நல்லவன்தான். எங்கே போனாலும் எத்தனை நிமிடத்தில் போனான் என்பதைத் தவிர வேறு எதுவும் பார்க்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

அழகுபாண்டி உள்ளங்கைகளைத் தேய்த்தார். “ஒண்ணும் கெட்டுப்போகல. இன்னொரு தடவ ஒக்கார வச்சு எடுத்துருவோம். பெரிய மச்சான், செத்த எந்திரிங்க.”

“குத்துன காத எங்கிட்டுக் குத்துறது?” என்றார் ஆசாரி. டிபன் சாப்பிட்டு அப்போதுதான் பையைக் கட்டியிருந்தார்.

“குத்த வேணாம்யா. குத்துற மாதிரி நில்லும்.”

விருமாண்டி எழுந்திருக்கவில்லை. பிள்ளையை அப்போதே யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். காலி மடியோடு, மாலையோடு, உருமாலோடு அந்த அலங்கார நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“மொற முடிஞ்சுபோச்சு மாப்ள. முகூர்த்தமும் முடிஞ்சுபோச்சு. தம்பிகூட போட்டோ வேணும்னா பக்கத்துல நிக்கவச்சு எடுங்க. இந்தச் சேர விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்.”

பெரியவர் தலையை ஆட்டினார்: நியாயம்தானே என்கிற ஆட்டல். தாமரைச்செல்வி முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். அழகுபாண்டியின் முகம் கறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தால் விருமாண்டி ஜெயித்திருப்பான்.

முனீஸ்வரி வந்தாள். அண்ணன் கழுத்து மாலையைச் சரிபண்ணுகிறவள்போலக் குனிந்தாள். அவள் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது.

“அண்ணே. ஏர்போர்ட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மனை வாங்குன மறு மாசமே தெரியும். எங்கண்ணன் பேரு கெட்டுப்போகுமேன்னு இன்னிக்கி வரைக்கும் அவுககிட்ட நான் வாயத் தொறக்கல. போன வாரம் பன்னெண்டு நிமிசம்னு சொல்லி அனுப்புனியாமே. எம்புள்ள காதுகுத்துலயாண்ணே ஒன் யாவாரம்?”

விருமாண்டி வாயைத் திறந்தான்.

“இப்ப மைக்குல சொல்லவா?” என்றாள் அவள்.

நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். “எங்கண்ணன் எந்திரிச்சுரும். தம்பிக்காக எதையும் செய்யும்,” என்று சத்தமாகச் சொன்னாள். பெண்கள் பக்கத்திலிருந்து ‘உச்’ கொட்டினார்கள்.

விருமாண்டி எழுந்தான். மாலையைத் தானே கழற்றினான். உருமாலை மட்டும் பின்னாலிருந்து யாரோ கழற்றினார்கள்.

சூரியபிரகாஷ் உட்கார்ந்தான். பவதாரிணியைக் கொண்டுவந்தார்கள். ஆசாரியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உடம்பை இறுக்கினாள். ஆசாரியின் வெறும் விரல்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு காது. அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை மெதுவாகக் கண்ணைத் திறந்து கறுப்புக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தது. சொன்னது சரிதான்; பிளைட்டு மாமா மடியில் வலிக்கவில்லை. பல் தெரியச் சிரித்தது.

“சூப்பர், சூப்பர், அப்பிடியே இருங்க,” என்று போட்டோக்காரர் மண்டியிட்டு, சாய்ந்து, படுத்து எடுத்தார்.

“ரயில்வே கேட் காரணமாக ஏற்பட்ட சிறு தாமதத்துக்கு வருந்துகிறோம்,” என்று மைக்கில் சொன்னார் அழகுபாண்டி. “சாதாரணமாகப் பதினைந்து நிமிடம்தான்.” கேட்டுக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் விருமாண்டியின் அருகில் நகர்ந்து வந்து, “ஏண்ணே, இங்க இன்னும் மனை கெடக்கா?” என்று காதைக் கடித்தார். விருமாண்டி அவரை ஒதுக்கிவிட்டு நடந்தான்.

சாப்பிடாமல் போவது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அண்ணன் கை நனைக்காமல் கிளம்புவான். தங்கச்சி தெருவரை ஓடிவந்து கையைப் பிடிப்பாள். அவன் உதறுவான். அவள் அழுவாள். நாலு பேர் நடுவில் வந்து, அப்புறம் இலைக்கு முன்னால் அவனை உட்காரவைத்து, கறியை அவளே வைப்பாள். ஆகவே விருமாண்டி மெதுவாகத்தான் நடந்தான். கார்க் கதவைத் திறந்து சாத்தி, மறுபடி திறந்து சாத்தினான். தாமரைச்செல்வி காலித் தாம்பாளத்தை வேண்டுமென்றே காரின்மேல் மோதி ஓசை எழுப்பினாள். பந்தலிலிருந்து யாரும் வரவில்லை. தாய்மாமனோடு செல்பி எடுக்க அங்கே வரிசை நின்றது.

பெரிய ரோட்டுக்கு வந்து ஒரு டீக்கடைக்கு முன்னால் காரை நிறுத்தினான்.

“எதுக்கு நிப்பாட்டுறீக?”

“வண்டி சூடாயிருச்சு.”

டீக்கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். விருமாண்டி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது ஒலித்தது. முனீஸ்வரி.

“ஒடனே எடுக்காதீக,” என்றாள் தாமரைச்செல்வி. “கொஞ்சம் அடிக்கட்டும்.”

அவன் உடனே எடுத்தான்.

“எங்கண்ணே இருக்க?”

“கெளம்பிட்டோம் ஆத்தா.” குரலை முடிந்த மட்டும் கனமாக்கினான்.

“ரொம்பத் தூரம் போயிட்டியா?”

“இல்ல இல்ல. இந்தா, ரோட்டு மேலதான் நிக்கிறோம்.”

“நல்லதாப் போச்சு. அந்த வாடகைக் கார்க்காரன் அவுககூடச் சண்ட போட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். சின்னண்ணனுக்கு மத்தியானம் பிளைட்டு. நீ வந்து ஏத்திக்கிட்டுப் போயி விட்டுரு.”

விருமாண்டி காத்திருந்தான். இதற்கு அடுத்து ஒரு வார்த்தை வரவேண்டும். இலை போட்டுருக்கு, வந்து சாப்பிட்டுட்டுப் போ என்று. போனுக்குள் மைக் சத்தமும் வாளிச் சத்தமும் கேட்டன. பந்தி நடந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கேக்குதா?”

“கேக்குது.”

“வெரசா வா. எம்புட்டு நேரம் ஆகும்னு ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே.” வைத்துவிட்டாள்.

“என்னவாம்?” என்றாள் தாமரைச்செல்வி. அவன் சொன்னான். அவள் கதவைத் திறந்து, தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

“எங்க போற?”

“நான் பஸ்ஸுல போறேன்.”

மனசு மாறுவாளென்று நின்றான். திருமங்கலம் பஸ் வந்தது. அவள் திரும்பிப் பாராமல் ஏறிக்கொண்டாள்.

விருமாண்டி இறங்கி, பின்பக்கக் கதவைத் திறந்தான். வரும்போது தட்டிலிருந்து சிந்திய காப்பரிசி சீட்டில் கிடந்தது. தம்பி பின்னால்தான் உட்காருவான். தோள் துண்டை எடுத்துச் சீட்டைத் தட்டிவிட்டு, காரைத் திருப்பினான்.